கேலரியும் கெர்னலும்: இரண்டு கசிவுக் கணக்குகள்

தேனி மாவட்டப் பதிப்பு நாளிதழ்களில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வரும். முல்லைப் பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி என்று அணைகளின் பெயர். பக்கத்திலேயே நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், இருப்பு. கூடலூரிலும் கம்பத்திலும் முதல் போகத்துக்கு நாற்றங்கால் போடுகிறவர் தலைப்புச் செய்தியைப் படிக்காமல் விட்டாலும் இந்தக் கட்டத்தைப் படிக்காமல் விடமாட்டார். லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் இதே போல ஒரு கட்டம் உண்டு. மெம்இன்ஃபோ என்று அந்தக் கோப்புக்குப் பெயர். மொத்த நினைவகம் இவ்வளவு, காலி இவ்வளவு, கேச்சில் இவ்வளவு, இயங்குதளத்தின் கருவான கெர்னல் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்ட ஸ்லாப் இவ்வளவு என்று வரிவரியாகக் காட்டும்.

இரண்டு கட்டங்களிலும் இல்லாத வரி ஒன்றுதான்: கசிவு. இந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டு அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது. முல்லைப் பெரியாற்றில் நிமிடத்துக்கு 100 லிட்டர் கசிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு ஒரு கனஅடியில் பதினேழில் ஒரு பங்குதான் ஆகும். தமிழ்நாட்டுக்கு நீர் கொண்டுபோகும் தேக்கடிச் சுரங்கத்தில் விநாடிக்கு நூற்றுக்கணக்கான கனஅடி போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பங்கு எங்கே தெரியப் போகிறது? வரத்து என்ற எண்ணையே பெரும்பாலும் மட்டம் ஏறிய அளவோடு வெளியேற்றத்தைக் கூட்டித்தான் பெறுகிறார்கள். கசிவும் ஆவியாதலும் அந்தக் கூட்டலுக்குள்ளேயே கரைந்துபோகும். கெர்னலிலும் இதே கதைதான். நொடிக்கு ஒரு முறை 64 பைட் திரும்பி வராமல் போனால் ஒரு நாளைக்கு ஐந்தரை மெகாபைட். 16 ஜிபி உள்ள சர்வரில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஓராண்டில் அது 2 ஜிபி. அதே தவறு நொடிக்கு ஆயிரம் முறை நடந்தால் மூன்றே நாளில் மொத்த நினைவகமும் காலி.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய், கருவிகளை இயக்கும் டிரைவர் நிரல் எழுதுகிற பிள்ளைகள் இன்று உண்டு. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அணை மட்டத்தை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை கசிவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஒரு விஷயம் வெளிப்படும்: இருவருக்கும் தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் நேரெதிர். அணையில் கசிந்த நீர் கைக்கு வந்துவிடுகிறது. வாளியில் பிடிக்கலாம், அளக்கலாம், சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். அது எந்த வழியாக வந்தது என்பதுதான் தெரியாது. கெர்னலில் ஒவ்வொரு துண்டு நினைவகத்தையும் யார் வாங்கினார், நிரலின் எந்த வரியில் வாங்கினார் என்பதைப் பதிவுசெய்து வைக்க முடியும். வழி கையில் இருக்கும். வாங்கியவற்றில் கசிந்தது எது, இன்னும் உழைத்துக்கொண்டிருப்பது எது என்பதுதான் தெரியாது.

முதலில் அணை. 1886 ஒப்பந்தப்படி 999 ஆண்டுக் குத்தகையில், பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. இருப்பது இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. நீளம் 1,200 அடி, அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. பக்கத்தில் 240 அடி நீளத்தில் பேபி அணை. முன்புறமும் பின்புறமும் கருங்கல் கட்டு. நடுவில் சுண்ணாம்பு சுர்க்கிக் கான்கிரீட். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் பொடி. தன் எடையாலேயே நிற்கிற வகை அணை இது. இந்த வகைக்கு எதிரி முன்னால் நின்று தள்ளுகிற நீர் மட்டும் இல்லை. அடியிலும் உடம்பிலும் புகுந்து அணையை மேலே தூக்கப் பார்க்கிற நீரும்தான். ஆகவே புகுந்த நீரை அழுத்தம் சேர விடாமல் வடித்துவிட வேண்டும். 1980களில் அணையின் முதுகில் கான்கிரீட் சாய்மானம் கட்டியபோது (பொறியாளர்கள் பேச்சில் அது ‘பேக்கிங்’) அதற்குள் இரண்டு கேலரிகளும் வைத்தார்கள்; ஒன்று 10 அடி மட்டத்தில், மற்றது 45 அடி மட்டத்தில். கசிவுநீர் அங்கே வந்து சேர்ந்து, அளக்கப்பட்டு, வெளியே போகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில்தான் புரிதல் தவறும். கசிவு என்றதும் ஓட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். கேலரியில் கசிவுநீர் வருவது வடிகால் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மட்டம் 140 அடியைத் தொட்டிருக்க, கேலரி காய்ந்து கிடந்தால் அல்லவா பொறியாளர் கவலைப்பட வேண்டும்? துளைகள் அடைத்துக்கொண்டு அழுத்தம் உள்ளே சேர்கிறதோ என்று சந்தேகம் வரும். அதனால் அவர்கள் பார்க்கிற கேள்விகள் வேறு. மட்டம் ஏறும்போது கசிவு அதற்கேற்ற அளவில் ஏறுகிறதா, இறங்கும்போது கூடவே இறங்குகிறதா? நீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாகவா? எவ்வளவு சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது?

அளக்கிற கருவி மிக எளிமையானது. வடிகாலின் குறுக்கே ஒரு தகடு. அதில் வி வடிவத்தில் ஒரு வெட்டு. வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளவுகோலில் படித்தால் போதும். ஓடுகிற அளவு அந்த உயரத்தின் இரண்டரை மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். 90 பாகை வெட்டில் நீர் 5 சென்டிமீட்டர் நின்றால் நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர். 6 சென்டிமீட்டர் நின்றால் சுமார் 73. ஒரே ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை வித்தியாசம்! சிறிய மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டத்தான் அந்த வடிவம். சதுர வெட்டு வைத்திருந்தால் குறைந்த ஓட்டத்தில் உயரமே தெரியாமல் போயிருக்கும். மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். ஆனாலும் பார்க்கிறவர் கண்மட்டத்துக்குக் குனிந்து படிக்க வேண்டும். கூட்டு ஆய்வு நடக்கும்போது இரண்டு மாநிலங்களின் பொறியாளர்களும் சேர்ந்து நின்று படிப்பார்கள்.

இனி கெர்னல். அதன் நினைவகப் பங்கீட்டில் இரண்டு அடுக்கு. கீழடுக்கு, முழு நினைவகத்தையும் 4,096 பைட் பக்கங்களாகப் பிரித்து, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் போகும் கட்டுகளாகக் கொடுத்து வாங்குகிறது. பட்டி முறை என்று சொல்வார்கள். ஒரு டிரைவருக்கு 64 பைட் போதுமென்றால் அதற்காக ஒரு முழுப் பக்கத்தைக் கொடுக்க முடியாது. ஒரு பக்கத்தை 64 பைட் துண்டுகளாக நறுக்கி 64 பேருக்குக் கொடுப்பது மேலடுக்கான ஸ்லாப். சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994இல் சோலாரிஸுக்காக எழுதிய யோசனை இது. லினக்ஸில் ஸ்லாப், ஸ்லாப்பின் சிறிய தம்பியான ஸ்லோப், 2007இல் கிறிஸ்டோஃப் லாமீட்டர் கொண்டுவந்த ஸ்லப் என்று மூன்று இருந்தன. 2023இல் ஸ்லோப்பையும் 2024இல் பழைய ஸ்லாப்பையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்லப் மட்டும்.

கசிவு பிறக்கும் இடம் பெரும்பாலும் சலிப்பூட்டுகிற அளவுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு டிரைவர் கருவியைத் தொடங்கும்போது கே-மலாக் கூப்பிட்டு ஒரு துண்டு வாங்குகிறது. அடுத்த வரியில் இன்டரப்ட் கேட்கிறது. அது கிடைக்கவில்லை, பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. வெளியேறும் முன், துண்டைத் திருப்பிக் கொடுக்கும் கே-ஃப்ரீயைக் கூப்பிட மறந்துவிட்டது. துண்டின் முகவரி அந்தச் சார்பின் உள்ளூர் மாறியில் மட்டுமே இருந்தது. சார்பு முடிந்ததும் மாறி போயிற்று, முகவரியும் போயிற்று. எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியில் சோதித்தவருக்கு இது ஒருநாளும் தென்படாது. கருவி தகராறு செய்யும் இடத்தில், அதுவும் திரும்பத் திரும்பத் தொடங்க முயலும் இடத்தில்தான் சேரும். சாதாரண நிரலாக இருந்தால் அது முடியும்போது அதன் நினைவகத்தை எல்லாம் இயங்குதளம் வாரி எடுத்துக்கொள்ளும். இயங்குதளமே தொலைத்ததை வாரி எடுக்க மேலே யாரும் இல்லை.

இப்படித் தொலைந்த துண்டு எங்கேயும் வெளியே போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அணையின் கசிவோடு இதை நேருக்கு நேர் வைத்தால் பொருந்தாது. முல்லைப் பெரியாற்றிலேயே இதற்கு நெருங்கிய இணை வேறொன்று: 104 அடி. சுரங்க வாய் அந்த உயரத்தில் இருப்பதால் அதற்குக் கீழே உள்ள நீர் அணைக்குள் இருந்தும் தமிழ்நாட்டுப் பக்கம் வராது. இருக்கிறது, ஆனால் எட்டாது. கெர்னல் கசிவு என்பது இந்த எட்டாத மட்டம் ஒவ்வொரு நாளும் சத்தமில்லாமல் மேலே ஏறுவது. 104 என்பது 105 ஆகி, 110 ஆகி, கடைசியில் மேலே மிச்சமிருக்கும் கொஞ்சத்தில் பாசனம் செய் என்றால் எப்படி? வைகை அணையில் வண்டல் செய்கிற வேலையும் இதுவேதான். விவசாயி அதைக் கசிவு என்று சொல்ல மாட்டார்; கொள்ளளவு போய்விட்டது என்பார். என் கணக்கில் அவர் சொல்வதுதான் கெர்னலுக்குச் சரியான விவரிப்பு.

எட்டாததைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எட்டுவதையெல்லாம் தொட்டுப் பார்ப்பது. காட்டலின் மரினாஸ் எழுதி 2009இல் லினக்ஸில் சேர்ந்த கேமெம்லீக் இதைத்தான் செய்கிறது. கொடுக்கப்பட்ட ஒவ்வொரு துண்டின் முகவரியையும் அளவையும் வாங்கியவர் தடத்தையும் அது குறித்து வைத்துக்கொள்கிறது. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாத் துண்டுகளுக்கும் வெள்ளை நிறம் கொடுத்துவிட்டு, கெர்னலின் நிலையான தரவுப் பகுதிகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் பணிகளின் அடுக்குகளிலும் உள்ள ஒவ்வொரு சொல்லையும் படிக்கிறது. படித்த எண் ஏதேனும் ஒரு துண்டின் முகவரியாக இருந்தால் அந்தத் துண்டு சாம்பல் நிறமாகும். பிறகு அதற்குள்ளும் படிக்கும். இப்படிப் போய் முடிந்த பிறகும் வெள்ளையாகவே மிஞ்சுகிற துண்டுக்கு உறவென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. சந்தேகப் பட்டியலில் அது ஏறும். பட்டியலில் துண்டின் முகவரி, அளவு, வாங்கிய நிரலின் பெயரும் எண்ணும், உள்ளே இருக்கும் முதல் 32 பைட், அதற்குக் கீழே கே-மலாக் வரை கூப்பிட்டு வந்த சார்புகளின் வரிசை. அந்த வரிசையில் மேலிருந்து இரண்டாவது மூன்றாவது பெயரைப் பார்த்தாலே அனுபவசாலிக்குக் கோப்பு புரிந்துவிடும்.

அணையில் இதற்கு ஒப்பான பொருள் சுவடுப் பொருள். நீர்த்தேக்கப் பக்கம் ஓரிடத்தில் சாயமோ ஐசோடோப்போ கலந்துவிட்டு, கேலரியில் எந்தத் துளையில், எத்தனை மணி நேரம் கழித்து வருகிறது என்று பார்ப்பார்கள். கேமெம்லீக்கின் சாம்பல் நிறமும் ஒரு சாயம்தான், ஆனால் பயன்படுத்துகிற விதம் தலைகீழ். அணையில் சாயம் வந்து சேர்ந்த இடம் கசிவு. கெர்னலில் சாயம் போய்ச் சேராத இடம் கசிவு.

கேமெம்லீக்கும் ஏமாறும், கேலரி அளவீடும் ஏமாறும். கேமெம்லீக்குக்கு எண்ணுக்கும் முகவரிக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கோ கிடக்கும் ஒரு எண் தற்செயலாகத் தொலைந்த துண்டின் முகவரியைப் போல இருந்துவிட்டால், அல்லது அடுக்கில் பழைய முகவரி அழிபடாமல் கிடந்தால், கசிவு மறைந்துகொள்ளும். எதிர்ப்பக்கமும் உண்டு. பட்டி முறையில் நேரடியாக வாங்கிய பக்கங்களை அது படிப்பதில்லை. ஒரு துண்டின் முகவரி அத்தகைய பக்கத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தால், உழைத்துக்கொண்டிருக்கும் துண்டைக் கசிவு என்று குற்றம் சாட்டும். அதனால் பிறந்து ஐந்து நொடிகூட ஆகாத துண்டைப் பட்டியலில் சேர்க்காது; உள்ளடக்கம் மாறிக்கொண்டிருந்தால் அடுத்த சுற்றுவரை பொறுக்கும்; ‘இது கசிவு இல்லை’ என்று நிரலாளரே குறிப்பு எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. கேலரியில் ஏமாற்றுவது மழை. மலைச்சரிவில் ஊறுகிற நீரும் வடிகாலில் கலந்தால் அளவு கூடும். அணை மேல் பழி விழும். ஆகவே வி வெட்டில் படித்த எண்ணின் பக்கத்தில் அன்றைய மழையளவும் நீர்மட்டமும் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

கேமெம்லீக் கண்ணில் படவே படாத இன்னொரு ரகம் இருக்கிறது. துண்டு ஒரு பட்டியலில் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருக்கும், முகவரி தொலையவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை இனி யாரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. பயன்படுத்துவோர் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுக் குறைக்க மறந்தாலும் இதே கதி. எட்டுகிறது, ஆனால் வேண்டாதது. சுற்றிச் சுற்றித் தேடுகிற எந்தக் கருவியாலும் இதைப் பிடிக்க முடியாது. இங்கே வேண்டியது அளவீடு. ஸ்லாப்இன்ஃபோ கோப்பில் எந்த அளவுத் துண்டுகள் கூடிக்கொண்டே போகின்றன என்று பார்ப்பார்கள். ஸ்லாப்பிலும் மீட்கக்கூடியது, மீட்க முடியாதது என்று இரண்டு உண்டு. கோப்புப் பெயர்களை நினைவில் வைக்கும் கேச் கூடுவது ஆரோக்கியம். நெருக்கடி வந்தால் கெர்னல் அதைத் தானே விட்டுக்கொடுக்கும். சுமை ஏறாமலே, மீட்க முடியாத பகுதி நாள்தோறும் ஏறினால்தான் வில்லங்கம். கேலரியில் மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் ஏறுவதைப் பார்த்த பொறியாளருக்கு இந்த வாக்கியத்தை விளக்கத் தேவையில்லை.

கெர்னலுக்கு உண்மையான வி வெட்டு கிடைத்தது மிகவும் பிந்தித்தான். 2024இல் வெளியான 6.10 பதிப்பில் சுரேன் பக்தசார்யனும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டும் நினைவகப் பங்கீட்டுக் கணக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். கெர்னலில் நினைவகம் வாங்கும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி எண்ணி: இந்தக் கோப்பில், இந்த வரியில் வாங்கியதில் இந்த நிமிடம் திரும்பாமல் நிற்பது இத்தனை பைட், இத்தனை துண்டு. அலாக்இன்ஃபோ என்ற கோப்பைத் திறந்தால் பட்டியல் வரும். எது கசிவு என்று அது சொல்லாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எடுத்துக் கழித்துப் பார்த்தால் ஏறுகிற வரி தானாக மேலே வந்து நிற்கும். செலவு குறைவு என்பதால் ஓடுகிற சர்வரிலேயே வைத்திருக்கலாம். கேமெம்லீக்கை அப்படி வைக்க முடியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பும் பத்து நிமிடத்துக்கொரு முழுச் சோதனையும் இயந்திரத்தை இழுத்துப் பிடிக்கும். சோதனை அறையில், தானாகவே விதவிதமான அழைப்புகளைக் கொடுத்துக் கெர்னலை அலைக்கழிக்கிற சிஸ்பாட் போன்றவற்றோடு சேர்த்து ஓட்டத்தான் அது.

தேடுதல், அளவீடு இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் அளவீட்டைத்தான் எடுப்பேன். தேடுதல் புத்திசாலித்தனமானது, கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பழைய எண் இல்லாத தேடுதல், இன்றைக்கு என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அணைப் பொறியாளர் முப்பது ஆண்டுக் கசிவுப் பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் பேசுவார். நம்முடைய மென்பொருள் நிறுவனங்களில் சர்வர் திணறும் வரை யாரும் எண் எடுப்பதில்லை. திணறியதும் ரீபூட் செய்துவிடுகிறார்கள், எண் எல்லாம் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. ஞாயிறு இரவு தவறாமல் ரீபூட் என்று காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகக் காலம் தள்ளுகிற இடங்கள் நிறைய. அணைக்கு ரீபூட் கிடையாது. அதுதான் அங்கே ஒழுக்கத்தைக் கொடுத்திருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம்.

எண் கையில் இல்லாவிட்டால் பயம் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு 1979 ஒன்று போதும். அந்த ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி ஊர் அழிந்தது. வெள்ளம் அணைக்கு மேலேறி வழிந்ததால் நடந்தது அது; கசிவால் இல்லை. ஆனால் அந்தப் பீதி நேராக வந்து முல்லைப் பெரியாற்றின் கசிவு மேல் உட்கார்ந்தது. நவம்பரில் மத்திய நீர் ஆணையத் தலைவர் கே.சி.தாமஸ் வந்து பார்த்தார். உடனடி, இடைக்கால, நீண்டகால வேலைகள் என்று வகுத்து, அதுவரை மட்டத்தை 136 அடியாக வைக்கச் சொன்னார்கள். மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்புக் கம்பி வடங்களை இறக்கி இழுத்துக் கட்டியது, பின்னால் பேக்கிங் என்று வேலைகள் நடந்தன. மட்டத்தை மீண்டும் உயர்த்தும் வழக்கு 2006 தீர்ப்பு, கேரளச் சட்டம், நீதிபதி ஆனந்த் குழு என்று சுற்றி 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வில் 142 அடி அனுமதியோடு முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று 35 ஆண்டுக்குப் பிறகு அணை 142ஐத் தொட்டது. இதற்கிடையே கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் எத்தனை முறை ஒருபோகத்தோடு நின்றது என்பதை உத்தமபாளையம் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

கெர்னலிலும் இந்தக் குழப்பம் அன்றாடம் நடப்பது. நினைவகம் தீர்ந்து ஓஓஎம் கில்லர் ஏதோ ஒரு நிரலைக் கொன்றுவிடும். உடனே மெமரி லீக் என்று டிக்கெட் எழுதிவிடுவார்கள். பாதி சமயம் அது வெள்ளம்: திடீரென்று ஒரு லட்சம் இணைப்பு வந்திருக்கும். இன்னும் சில சமயம் துண்டாடல்: ஒரு பக்கத்தில் 63 துண்டுகள் திரும்பி வந்தும் ஒரே ஒரு துண்டு உயிரோடு இருப்பதால் முழுப் பக்கமும் மாட்டிக்கொண்டிருக்கும். வெள்ளத்துக்கு மருந்து ஷட்டர். கசிவுக்கு மருந்து வேறு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேட்ச் எழுத உட்கார்ந்தால் வாரக்கணக்கில் வீண்.

சரி செய்வதிலும் ஒரே ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. கசிவு தெரிகிற இடத்திலேயே அடைத்துவிடலாம் என்று அணையின் பின்முகத்தைப் பூசினால் நீர் உள்ளேயே தங்கி அழுத்தம் ஏறும். அடைக்க வேண்டியது நீர்ப்பக்கம். பின்பக்கம் வடிய வேண்டும். முல்லைப் பெரியாற்றில் 1930களிலும் பிறகு 1960 வாக்கிலும் துளையிட்டுச் சிமென்ட் பால் செலுத்தியது அணையின் உடலுக்குள். கெர்னலிலும் கசிவு தெரிந்த இடத்தில் அவசரமாக ஒரு கே-ஃப்ரீயைப் போட்டால், வேறொருவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் துண்டைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். கசிவு மெதுவாகக் கொல்லும். முன்கூட்டித் திருப்பிய துண்டோ அந்நியர் உள்ளே நுழையக் கதவாகும். மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்வைக்குத் திருத்தம் போலத் தெரியும் சின்னச் சின்ன பேட்ச்களில் இந்த ரகக் கோளாறை நுழைக்க முடியும் என்று காட்டப் போய், 2021 ஏப்ரலில் லினக்ஸ் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் பேட்ச்களையே நிறுத்திவைத்தார்.

யார் அளந்த எண் என்பதிலும் இரண்டு உலகங்கள் கிட்டே வருகின்றன. 2014 தீர்ப்புக்குப் பின் மூவர் கண்காணிப்புக் குழு, அதன் கீழ் மத்திய நீர் ஆணைய அதிகாரி தலைமையில் இரு மாநிலத்திலிருந்தும் இருவர் இருவராக ஐவர் துணைக் குழு என்று அமைந்தன. குமுளியில் கூடி, படகில் போய், பேபி அணை, ஷட்டர், கேலரி என்று பார்த்துக் கசிவுநீரை அளந்துவிட்டு வந்தார்கள். ஒரு மாநிலம் தனியாக எடுத்த எண்ணை மற்றது நம்பாது. லினக்ஸில் யார் வேண்டுமானாலும் நிரலைத் திறந்து அதே சோதனையைத் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்கலாம். மூடிய டிரைவர் கொடுக்கும் நிறுவனத்திடம் கசிவு என்று சொன்னால் ‘எங்கள் பக்கம் இல்லை’ என்று பதில் வரும். மேற்கொண்டு பேச இருவரும் ஒப்புக்கொண்ட வி வெட்டு அங்கே இல்லை.

வேலை முடிந்த பிறகு கசிவு குறைந்ததா என்று பார்ப்பதில்தான் கெர்னல்காரர் கொடுத்துவைத்தவர். மெய்நிகர் இயந்திரம் ஒன்றை எழுப்பி, தகராறு செய்யும் கருவியைப் போல நடிக்கவைத்து, பேட்ச் இல்லாமல் ஒரு லட்சம் முறை, பேட்ச்சோடு ஒரு லட்சம் முறை ஓட்டி இரவோடு இரவாக ஒப்பிட்டுவிடலாம். அணையில் 142 அடியில் எடுத்த கசிவை 142 அடியில் எடுத்ததோடுதான் ஒப்பிட முடியும். எந்தத் தேதியில் எவ்வளவு தேக்கலாம் என்று ரூல் கர்வ் கட்டுப்படுத்துகிறது. அந்தத் தேதியில் மழையும் ஒத்துழைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் மட்டம் 120களிலேயே நின்றுவிடும், ஒப்பீடு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். பதிவேட்டில் அந்த வருடத்து 142 அடிக் கட்டம் காலியாகவே இருக்கும்.